ஆறு மாசம் டைம்: ஒரு வல்லரசு நம்ம ஊரை விட்டுப் போன கதை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

புதுச்சேரியில இருந்து பேசுறேன். இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான்.

போன எபிசோடுல பிரான்ஸ் தன்னோட படைகளை ஆப்பிரிக்காவுல இருந்து எடுத்துக்கிட்டு இருக்கிறதைப் பத்திப் பேசினோம். 2022ல மாலி. 2023ல புர்கினா ஃபாசோ, அப்புறம் நைஜர். 2025 ஜனவரியில சாட், அதே வருஷம் ஜூலையில செனகல். அதைக் கேட்டுட்டு ஒருத்தர் மெசேஜ் பண்ணியிருந்தார்: "எல்லாம் சரி, எங்கேயோ இருக்கிற நைஜர்ல இருந்து பிரெஞ்சுக்காரன் போனா நமக்கென்ன?"

நியாயமான கேள்வி. ஆனா அனுப்பினவர் முத்தியால்பேட்டைக்காரர். அதான் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஏன்னா பிரெஞ்சுக்காரன் ஒரு இடத்தை விட்டுப் போனா அங்க இருக்கிறவங்களுக்கு என்ன ஆகும்னு அனுபவிச்சுத் தெரிஞ்சுக்கிட்ட ஊர் இது.

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு விஷயம். இந்தியாவுக்கு ஒரு சுதந்திர தினம்தான். எங்க ஊர்ல மூணு நாள் கொடி ஏத்துவோம். ஆகஸ்ட் 15, நாடு முழுக்க. மறுநாள் ஆகஸ்ட் 16, சட்டப்பூர்வ பரிமாற்ற நாள். அப்புறம் நவம்பர் 1, புதுச்சேரி விடுதலை நாள். ஸ்கூல்ல படிக்கும்போது லீவு கிடைச்சா போதும்னு இருந்தேன். ஏன் மூணு நாள்னு யோசிச்சதே இல்லை. யோசிச்சுப் பார்த்தா, அதுக்கான பதில் வியட்நாம்லயும் அல்ஜீரியாவுலயும் இருக்கு.

தியன் பியன் பூவும் கீழூரும்

1947ல பிரிட்டிஷ்காரன் கிளம்பினான். பிரெஞ்சுக்காரன் கிளம்பலை. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், வங்காளத்துல சந்தர்நாகூர்னு அஞ்சு துண்டு நிலம் அவன் கையில இருந்தது. சந்தர்நாகூர் மட்டும் 1949ல ஓட்டுப் போட்டு 1950ல இந்தியா பக்கம் வந்துடுச்சு. மத்த நாலும் அப்படியே நின்னுச்சு.

இங்க போராட்டம் இல்லாம இல்லை. 1936 ஜூலை 30 அன்னைக்கு வேலைநிறுத்தம் செஞ்ச மில் தொழிலாளிகள் மேல துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் செத்தாங்க. வ. சுப்பையா முன்னால நின்ன அந்தப் போராட்டத்துக்கு அப்புறம்தான் எட்டு மணி நேர வேலைங்கிற சட்டம் இங்க வந்தது. 1954 மார்ச்ல, அதுவரைக்கும் பிரான்ஸ் பக்கம் இருந்த எதுவார் குபேர், இந்தியாவோட சேரணும்னு பக்கம் மாறினார். பீச் ரோட்டுக்கு இருக்கிற பேர் அவர் பேர்தான். இந்தியாவும் எல்லையில சோதனையை இறுக்குச்சு.

இருந்தும் பாரிஸ் அசையலை. எப்போ அசைஞ்சதுன்னு தேதியைப் பாருங்க. 1954 மே 7, வியட்நாம்ல தியன் பியன் பூ கோட்டை விழுந்தது. ஒரு ஐரோப்பிய ராணுவத்தை ஆசியாக்காரங்க நேருக்கு நேர் தோற்கடிச்ச போர் அது. ஜூன்ல பிரான்ஸ்ல ஆட்சி மாறி மெந்தெஸ் பிரான்ஸ் பிரதமரானார். அதே ஜூன்ல ஏனாம் கைமாறியது, ஜூலையில மாஹே. ஜூலை கடைசியில ஜெனீவா ஒப்பந்தம், இந்தோசீனப் போர் முடிஞ்சது. அக்டோபர் 18, கீழூர்ல ஓட்டெடுப்பு.

கீழூர் இங்க வில்லியனூர் தாண்டி இருக்கிற சின்ன கிராமம். மக்கள் சம்மதம் இல்லாம மண்ணை விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு அன்றைய பிரெஞ்சு அரசியலமைப்புல இருந்தது. சம்மதத்தை எப்படி வாங்கினாங்க? மூணு லட்சத்துக்கும் மேல மக்கள் இருந்தாங்க. ஓட்டுப் போட்டவங்க 178 பேர், எல்லாரும் ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள். இந்தியாவோட சேரலாம்னு 170, வேண்டாம்னு 8. ரெண்டு வாரத்துல, நவம்பர் 1 அன்னைக்கு, நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துடுச்சு.

எட்டு வருஷம்

இப்போ அந்தத் தேதியைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. 1954 நவம்பர் 1. அன்னைக்கு விடியற்காலையிலதான் அல்ஜீரியாவுல விடுதலைப் போரோட முதல் தாக்குதல்கள் நடந்துச்சு. இங்க கொடி இறங்குற அதே நாள்ல அங்க போர் தொடங்குது. தேதி ஒத்துப்போனது தற்செயல்தான். அதுக்கப்புறம் நடந்ததைத் தற்செயல்னு சொல்ல முடியாது.

புதுச்சேரியைச் சட்டப்படி ஒப்படைக்கிற ஒப்பந்தம் 1956 மே 28 அன்னைக்குக் கையெழுத்தாச்சு. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதுக்கு ஒப்புதல் கொடுக்கணும். கொடுத்தது 1962 ஜூலையில. ஆறு வருஷம் கிடப்புல போட்டாங்க. அல்ஜீரியா பிரான்ஸோட ஒரு பகுதின்னு சொல்லிப் போர் நடத்திக்கிட்டு இருக்கிற நாடு, இன்னொரு இடத்தைச் சட்டப்படி எழுதிக் கொடுக்குமா? அல்ஜீரியா சுதந்திரம் அடைஞ்சது 1962 ஜூலை 5. அதே மாசம் நம்ம ஃபைல் நகர்ந்தது. ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ பரிமாற்றம். அந்த எட்டு வருஷமும் ஊரை ஆண்டது இந்தியா. ஆனா காகிதத்துல மண் பிரான்ஸோடது, மக்களும் பிரெஞ்சுக் குடிகள்.

எங்க பாட்டி அப்போ சின்னப் பொண்ணு. "இந்தியக் கொடியத்தான் நாங்க பாத்தோம். பிரான்சு குடின்னு சொன்னா யாருக்குத் தெரியும்?"னு கேட்பாங்க.

ஒரு கையெழுத்து

இந்தக் கதையில எனக்கு முக்கியமானது இனிமே வர்றதுதான். அந்த ஒப்பந்தத்துல குடியுரிமை பத்திச் சில பிரிவுகள் இருந்தது. சுருக்கமா இதுதான்: இங்க பிறந்து இங்கேயே குடியிருக்கிறவங்க தானாவே இந்தியர் ஆகிடுவாங்க. பிரெஞ்சுக் குடியுரிமை வேணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுத்துல கொடுக்கணும். சின்னப் பிள்ளைகளுக்குப் பெத்தவங்க முடிவுதான். இங்க பிறந்து, இந்தியாவுக்கு வெளியே குடியிருக்கிறவங்க பிரெஞ்சுக்காரங்களாவே தொடருவாங்க.

எங்க பாட்டியோட அப்பா இங்க ஒரு பஞ்சாலைத் தொழிலாளி. அவரோட அண்ணன் சைகோன்ல சுங்க வேலைக்குப் போனவர். ஒரே வீடு, ஒரே அம்மா. 1962 ஆகஸ்ட் 16 விடிஞ்சப்போ தம்பி இந்தியர், அண்ணன் பிரெஞ்சுக்காரர். ரெண்டு பேருமே எந்த ஃபாரத்துலயும் கையெழுத்துப் போடலை.

தம்பிக்கு 1963 பிப்ரவரி வரைக்கும் டைம் இருந்தது. அவர் போடலை. ஏன்னு பாட்டிகிட்ட கேட்டேன். ஒரு நாள் சொன்னாங்க, "36ல சுட்டப்போ எங்கப்பா மில்லுல இருந்தாரு. அந்தக் கொடி வேணாம்னுட்டாரு." இன்னொரு நாள் வேற சொன்னாங்க, "கையெழுத்துப் போட்டா ஊர விட்டே அனுப்பிடுவாங்கன்னு தெருவுல பேசிக்கிட்டாங்கடா. பயந்துட்டாரு." ரெண்டும் உண்மையா இருக்கலாம்.

பெரியப்பா வீட்டுக்காரங்க 1975ல சைகோன் விழுந்தப்போ பிரான்ஸுக்குப் போயிட்டாங்க. லீவுக்கு வரும்போது சாக்லேட் கொண்டு வருவாங்க, பாட்டி மீன் குழம்பு வைப்பாங்க. அவங்க கிளம்பினதும் வீட்ல யாராவது ஒருத்தர் ஆரம்பிப்பாங்க: "அன்னைக்கு ஒரு கையெழுத்து போட்டிருந்தா..." பாட்டி மட்டும் அந்தப் பேச்சுல கலந்துக்க மாட்டாங்க.

அந்த ஆறு மாசத்துல பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதி வாங்கிக்கிட்டவங்க சுமார் 5000 பேர். பிரெஞ்சு ராணுவத்துல இருந்த சொல்தா குடும்பங்கள் நிறைய. அவங்களுக்குப் பென்ஷன் வந்தது, பிள்ளைகளுக்கு வேற ஒரு உலகம் திறந்தது. மத்தவங்க ஏமாந்துட்டாங்கன்னு நான் சொல்ல வரலை. இந்தியாவோட சேரணும்னு மனசார விரும்பினவங்க ஏராளம். என் கேள்வி வேற. வாழ்க்கை முழுக்க, பேரப்பிள்ளைகள் வரைக்கும் நீளுற ஒரு முடிவு. அதை எடுக்க ஒரு மில் தொழிலாளிக்குச் சரியான தகவல் யார் கொடுத்தாங்க?

செய்தியை எப்படிப் படிக்கலாம்

நாம உலக அரசியல் பேசும்போது மேப்பை வெச்சுப் பேசுறோம். யார் உள்ளே வந்தாங்க, யார் வெளியே போனாங்க, அடுத்து சீனாவா, ரஷ்யாவா. அதெல்லாம் பேசணும்தான். ஆனா ஒரு வல்லரசு போகும்போது அது கொடுத்த வேலை, பாஸ்போர்ட், பென்ஷன், மொழி எல்லாம் அங்க இருக்கிறவங்க கையிலதான் மிஞ்சுது. பாதி செல்லும், பாதி செல்லாது.

பக்கத்துலேயே இருக்கு உதாரணம். இந்தியப் பெருங்கடல்ல சாகோஸ் தீவுகள். 1960களோட கடைசியில ஆரம்பிச்சு 1973 வரைக்கும், டியாகோ கார்சியாவுல அமெரிக்கத் தளம் வர்றதுக்காக அங்க இருந்த மக்களை வெளியேத்தினாங்க. 2025 மே மாசம் அந்தத் தீவுகளை மொரிஷியஸ்கிட்ட ஒப்படைக்கிற ஒப்பந்தத்துல பிரிட்டன் கையெழுத்துப் போட்டுச்சு, தளத்தை மட்டும் 99 வருஷக் குத்தகைக்கு வெச்சுக்கிட்டு. எங்களைக் கேட்டீங்களான்னு சாகோஸ் மக்கள்ல பலர் கேட்டாங்க. கீழூர்ல 178 பேரையாவது கேட்டாங்க.

அதனால முத்தியால்பேட்டை நண்பருக்கு என் பதில் இதுதான். அடுத்த தடவை ஒரு நாடு ஒரு இடத்தை விட்டுப் போகுதுன்னு செய்தி வந்தா ரெண்டு கேள்வி கேளுங்க. அங்க இருக்கிறவங்ககிட்ட யார் கேட்டாங்க? முடிவெடுக்க அவங்களுக்கு எவ்வளவு டைம் கொடுத்தாங்க?

உங்க வீட்லயும் இப்படி ஒரு கையெழுத்துக் கதை இருக்கலாம். போட்டதோ, போடாததோ. பெரியவங்க இருக்கும்போதே கேட்டு ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கோங்க. நான் கொள்ளுத்தாத்தாகிட்ட கேட்க முடியலை. பாட்டிகிட்டயாவது மூணாவது தடவை கேட்கணும்.

அடுத்த வாரம் கெஸ்டோட வர்றேன்.