நெற்றியில் ஒரு மெல்லிய மின்னோட்டம்

சென்ற மாதம் என் பழைய நண்பர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு என் இல்லத்திற்கு வந்தார். அப்பெண் ஒரு பள்ளியில் ஆசிரியை. பதினோராண்டுகளாக இருமுனை மனநோயால் துன்புறுகிறாள். நண்பர் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து என்முன் வைத்தார். தலையில் அணியும் பட்டை போன்றதொரு கருவி. நாள்தோறும் அரைமணி நேரம் அணிந்திருந்தால் மனச்சோர்வு அகலும் என்று அதன் கீழ் அச்சிட்டிருந்தது. "இதை வாங்கிவிடலாமா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று இரண்டு வினாக்களை ஒரே மூச்சில் கேட்டார். மருத்துவன் என்ற முறையில் அவருக்கு நான் சொன்னதையே நேயர்களாகிய உங்களுக்கும் சொல்ல விழைகின்றேன்.

இந்நோயில் மனம் இரு முனைகளுக்கு இடையே ஊசலாடுகிறது. ஒரு காலத்தில் அளவுகடந்த எழுச்சி. உறக்கம் வேண்டாம், பேச்சு ஓயாது, பணம் நீராய்ச் செலவாகும். மற்றொரு காலத்தில் எழுந்து பல் துலக்கவும் இயலாத சோர்வு. ஊரார் கண்ணுக்குப் படுவது எழுச்சியே. நோயாளியின் வாழ்நாளைப் பெரிதும் விழுங்குவதோ சோர்வு. இங்கேதான் மருத்துவனுக்கு இக்கட்டு. சோர்வைத் தூக்கிவிடும் மருந்து சிலரை அப்பால் உள்ள முனைக்கே தள்ளிவிடக்கூடும். 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் கண்டறிந்து கூறிய லித்தியம் ஊசலை அடக்குவதில் சிறந்தது. ஆனால் ஆழ்ந்த சோர்விலிருந்து எல்லோரையும் அது மீட்டுவிடுவதில்லை.

மின்சாரம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1938இல் ரோம் நகரில் செர்லெட்டியும் பினியும் தொடங்கிய மின்னதிர்ச்சிச் சிகிச்சை. அதில் வலிப்பு உண்டாகிறது. இந்நாளில் மயக்க மருந்து தந்தே அதைச் செய்கிறார்கள். கடுமையான நோயில் அது இன்றும் உயிர் காக்கும் சிகிச்சை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் பேசவந்தது வேறு. இதன் அளவு 2 மில்லி ஆம்பியர். அந்தச் சிகிச்சையில் செலுத்துவதில் நூற்றில் ஒரு பங்கும் இராது. உப்புநீரில் நனைத்த இரு பஞ்சுகளை நெற்றியின் இருபுறமும் வைத்து, சிறு மின்கலத்திலிருந்து ஒருதிசை மின்னோட்டத்தைச் செலுத்துவார்கள். நோயாளி விழித்தவாறே அமர்ந்திருப்பார். தோலில் சிறு குறுகுறுப்பு, அவ்வளவே.

எண்ணம் புதிதன்று. 1800இல் வோல்ட்டா மின்னடுக்கைச் செய்தார். மறு ஆண்டிலேயே கால்வானியின் மருமகன் ஆல்டினி, இத்தாலியின் பொலோஞா நகரில் துயர்நோயுற்ற ஓர் இளம் உழவரின் தலையில் அதைப் பயன்படுத்தி, அவர் குணமடைந்தார் என்று எழுதிவைத்தார். முதலில் தம் தலையிலேயே சோதித்துக்கொண்டு, சில நாட்கள் உறக்கமின்றித் தவித்தவர் அவர்! பின்னர் இம்முறை பல காலம் மங்கிக் கிடந்தது. 2000இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷேயும் பவுலஸும், மெல்லிய மின்னோட்டம் மூளைப்புறணியின் கிளர்திறனைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது என்றும், மின்னோட்டம் நின்ற பின்னும் அம்மாற்றம் சில நிமிடங்கள் நிலைக்கிறது என்றும் காட்டினர். இது நரம்பணுவைச் சொடுக்கி எழுப்புவதன்று. எழுவதற்கு ஆயத்தமாக வைப்பது எனலாம். சோர்வுற்றோரின் இடது முன்மூளையில் செயல் தளர்ந்திருக்கிறது என்ற கருத்தினால், நேர்முனையை இடப்புறம் வைக்கிறார்கள்.

இருமுனைச் சோர்வுக்கு இது பயன்படுமா? பிரேசில் நாட்டின் சாவோ பாலோவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2018இல் வெளியாயிற்று. மருந்து உட்கொண்டுவந்த 59 நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு உண்மை மின்னோட்டம், மற்றதற்குப் போலி. இத்தகைய ஆய்வுகளில் போலி என்பது வேடிக்கையான ஏற்பாடு: கருவியும் பஞ்சும் அவைதாம், தொடக்கத்தில் குறுகுறுப்பை மட்டும் உணரச் செய்து, பிறகு ஓசையின்றி மின்னோட்டத்தை நிறுத்திவிடுவார்கள். நாள் ஒன்றுக்கு அரைமணியாகப் பத்து அமர்வுகள், பின்னர் இரு வார இடைவெளியில் இரண்டு. ஆறு வார முடிவில், உண்மை மின்னோட்டம் பெற்றோரில் நூற்றுக்கு 67 பேருக்குச் சற்று மேல் கணிசமான நலம் கண்டனர். போலி பெற்றோரில் நூற்றுக்கு 30 பேர். எழுச்சி முனைக்குத் தாவியவர்கள் உண்மைப் பிரிவில் மிகுந்துவிடவில்லை. நான் பெரிதும் மதிப்பது இந்தச் செய்தியையே.

ஆனால் அந்த 30 பேரை மறக்கலாகாது. மின்சாரமே இன்றி அவர்கள் தேறினர்! பரிவுடன் ஒருவர் நாள்தோறும் கவனித்ததும், நோயின் இயல்பான தணிவும் அதில் கலந்திருக்கலாம். முற்றிலும் நோய் நீங்கியவர் தொகையில் இரு பிரிவுக்கும் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. மேலும், உண்மை மின்னோட்டம் பெற்றோரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தோல் சிவந்தது. சிவப்பைக் கண்டு சிலர் தம் பிரிவை ஊகித்திருக்கவும் கூடும். 59 பேர் என்பது சிறு தொகை. இருமுனை நோயல்லாத மனச்சோர்வில், 160 பேரைக் கொண்டு ஜெர்மனியில் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், மருந்துடன் சேர்ந்த மின்னோட்டம் போலியை விஞ்சவில்லை. 2024இல் வெளியான மற்றோர் ஆய்விலோ, அதே வகைச் சோர்வுடையோர் வீட்டிலேயே கருவியை அணிந்து பயன் கண்டனர். வழக்கு இன்னும் முடியவில்லை.

ஆதலின் நண்பரின் முதல் வினாவுக்கு, "மருத்துவர் மேற்பார்வையில் முயலலாம், நீங்களே வாங்கி மாட்டிவிடாதீர்கள்" என்றேன். இரண்டாவதற்கு, "கூடவே கூடாது" என்றேன். சாவோ பாலோவில் தேறியவர்கள் மருந்தை விட்டவர்கள் அல்லர். மருந்தோடு மின்னோட்டம் பெற்றவர்கள். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் பாய்ந்து திரும்பும்; தற்கொலை எண்ணமும் தலைதூக்கலாம்.

அதுவரை வாய்திறவாதிருந்த அப்பெண், "மாமா, கை நடுங்குகிறது. கரும்பலகையில் எழுத்துக் கோணுகிறது. பிள்ளைகள் பார்க்கிறார்கள்" என்றாள். மாத்திரையை நிறுத்த விரும்பியதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அந்நடுக்கம் லித்தியத்தால் வருவது. அதை மருத்துவரிடம் அவள் சொன்னதே இல்லை. மறுவாரம் அவர் குருதியில் லித்தியத்தின் அளவைச் சோதித்து, மாத்திரையைச் சிறிது குறைத்தார் என்று நண்பர் தெரிவித்தார். மின்னோட்டத்தைப் பற்றி அடுத்த மாதம் பேசலாம் என்றாராம்.