வட்டத்துள் அடங்கும் மின்சுற்று

 

சுருளிப்பட்டி என்று ஊர்ப்பெயரைச் சொன்ன அளவிலேயே சுருள் என்னும் சொல் செவியில் விழுகின்றது. கம்பிச்சுருள் என்பது மின்பணியாளர் நாள்தோறும் ஆளும் சொல். வட்டம், ஆரம், விட்டம், நடுவம் என்பனவும் நம்முடையனவே. மின்னணுப் பலகையில் உறுப்புகளை வட்டமாக அடுக்கும் கலையைத் தமிழில் விளக்க இயலாது என்பார்க்கு, அக்கலையை விளக்கிக் காட்டுவதே தக்க விடையாகும்.

திருவிழாப் பந்தலிற் சுழல்வதுபோல் தோன்றும் விளக்கு வட்டத்தை எல்லாரும் கண்டிருப்பீர்கள். அங்கே எவ்விளக்கும் நகர்வதில்லை. ஒன்று அணைய அடுத்தது எரிகின்றது. 555 என்னும் சில்லு துடிப்பைத் தருகின்றது. 4017 என்னும் சில்லு அதனை எண்ணிப் பத்து முனைகளை ஒவ்வொன்றாக இயக்குகின்றது. விளக்குகள் 60 ஆனால், ஒரு முனைக்கு ஆறு. சில்லின் ஆற்றல் அவ்வாறுக்கும் போதாமையால் இடையே திரிதடையம் வேண்டும்.

360 பாகையை 60-ஆல் வகுத்தால் விளக்குக்கு 6 பாகை. இனி ஆரம் எவ்வளவு? 40 மி.மீ. எனக் கொண்டால் சுற்றளவு ஏறத்தாழ 251 மி.மீ.; ஒரு விளக்குக்குக் கிடைப்பது 4.2 மி.மீ. மட்டுமே. 5 மி.மீ. எல்.இ.டி. விளக்கின் அடிவிளிம்போ ஏறத்தாழ 6 மி.மீ. எவ்வாறு பொருந்தும்? ஆகவே 60 விளக்குக்கு 360 மி.மீ. சுற்றளவு வேண்டும், ஆரம் 57.3 மி.மீ.க்குக் குறையலாகாது. 58 எனக் கொள்க. இக்கணக்கைப் பாராது பலகையை அறுத்தவன் செம்பையும் பொருளையும் இழப்பான்.

இடம் அமைந்தாற் போதாது. ஒவ்வொரு விளக்கும் முன்னதினும் 6 பாகை திரும்பி நிற்றல் வேண்டும். அப்போதுதான் எதிர்முனைகள் யாவும் வெளிப்புறம் நோக்கும். ஒரே செம்பு வளையம் அவற்றை இணைக்கும். நேர்முனைகள் மின்தடை வழியே உட்புறம் செல்லும். உள்ளே பத்து வளையத் தடங்கள் ஒரு முகத்தில். அவற்றை எட்டும் தடங்கள் மறுமுகத்தில், வண்டியின் ஆரக்கால்போல். தடங்கள் ஒன்றையொன்று வெட்டா.

பிரெஞ்சு நாட்டவரான இழான் பியேர் சர்ராசு 1992-இல் தொடங்கிய கீகேட் என்னும் கட்டற்ற மென்பொருள் இவ்வட்ட அடுக்கைத் தானே செய்யும். விலையில்லை. ஆயினும் அதில் நெடுக்களவு கீழ்நோக்கி வளரும். தாளில் மேல்நோக்கிக் கணக்கிட்டவன் மேல்கீழ் மாறி ஏமாறுவான்.

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது குடிசார், இயந்திரப் பிரிவுகளே இடம்பெற்றன, மின்னணுவியல் இடம்பெறவில்லை. அக்குறையை அரசாணை மட்டும் நிரப்பாது. பொற்கொல்லர் காத்துத்தந்த பற்றாசு என்னும் சொல் பழுதுபார்க்கும் கடைதோறும் ஒலித்தல் வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் இளைஞன் ஒருவன் இவ்விளக்கு வட்டத்தைச் செய்து, செய்முறையைத் தம்பிக்குத் தமிழிற் சொல்லிக்கொடுப்பானாயின், அதுவே பாடநூலின் முதற்பக்கம்.

செய்க! சொல்க! வாழ்க தமிழ்!