உமி நீக்காத சாமை

ஜவ்வாது மலைச் சாமையை நாம் சோறாக்கிச் சாப்பிடுகிறோம். வீட்டில் லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் அதையே உமியோடு வாங்கிப் போடலாம். அலகால் உரித்துத் தின்பது அவற்றுக்கு ஒரு விளையாட்டு. பலர் சூரியகாந்தி விதையை மட்டுமே கொட்டுகிறார்கள். ஆசையாகத்தான் தின்னும், நாம் முந்திரி கொறிப்பதுபோல! ஆனால் சூரியகாந்திப் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. சாமையிலும் தினையிலும் அது மிகக் குறைவு. தானியத்தில் வைட்டமின் ஏ, சுண்ணாம்புச் சத்து போதாது. முருங்கைக்கீரையும் கேரட்டும் சேருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். விதைப்புக்காக மருந்து கலந்த விதை வேண்டவே வேண்டாம்.

நம்மூர்ப் பச்சைக்கிளியா? அதைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது கதிரிலேயே வந்து தின்றுகொள்ளட்டும்.