முகத்துக் கரும்புள்ளி

மூக்கின்மேல் தோன்றும் கரும்புள்ளியை அழுக்கென எண்ணி, நம்மிற் பலர் சோப்பிட்டுத் தேய்க்கின்றோம். அது அழுக்கன்று. மயிர்க்காலின் வாயை அடைத்துக் கொண்ட எண்ணெய்ப் பசையும் இறந்த தோலணுக்களும் காற்றுப்பட்டுக் கறுக்கின்றன. தேய்த்தால் தோல் புண்படும். கிள்ளினால் தழும்பு தங்கிவிடும். நாளைக்கு இருமுறை மென்மையான சோப்பால் கழுவுதல் போதும். தலைக்கிடும் தேங்காயெண்ணெய் நெற்றியில் வழியாதிருத்தல் நலம்.

மருத்துவரைக் கேட்டு, இரவில் அடாபலீன் 0.1 சதவீதக் களிம்பை மெல்லிதாகப் பூசலாம். கருவுற்ற பெண்டிர் தவிர்த்தல் வேண்டும். பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும்.

அயலூரில் அறிந்த மருத்துவர் இல்லையென்று, மருந்துக் கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிவிடுகின்றோம். அது முதலில் முகத்தை வெளுக்கச் செய்து, பின்னர்ப் பருவையே பெருக்கும். தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவதே நமக்குச் சிக்கனம்.