ஒருவரே நடிக்கும் குடும்பக் கதை



நம் சங்க இளைஞர் ஒருவர் இப்போது தனிநடிப்பு நிகழ்த்தவிருக்கிறார். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் தந்தையைப் பிரிந்த குடும்பத்தின் கதை அது.

அங்கே பிழைக்கச் சென்ற நம்மவர் வழித்தோன்றல்களுள் 5,25,000 பேர் இந்தியக் குடிகள், 3,00,000 பேர் இலங்கைக் குடிகள் என்று 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோ அம்மையாரும் ஒப்பந்தம் செய்தனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பகிர்ந்தனர். கணக்கு தலைகளை எண்ணியது, உறவுகளை எண்ணவில்லை. பெற்றோர் ஒரு நாட்டிற்கும் பிள்ளைகள் மறு நாட்டிற்கும் உரியவராயினர். தலைமன்னார்க் கப்பலுக்கு அவர்களை ஏற்றிச்சென்ற ரயிலுக்கு மக்கள் இட்ட பெயர் ‘அழுகைக் கோச்சி’.

கதாகாலட்சேபத்தில் பாகவதர் ஒருவரே தசரதனாகவும் இராமனாகவும் பேசுவார். அவ்வாறே இங்கும் வண்டியேறும் தந்தையும் வழியனுப்பும் மகனும் ஒருவரே. தந்தை பேசுங்கால் மகன் இல்லை. மகன் பேசுங்கால் தந்தை இல்லை. அக்குடும்பங்களின் நிலையும் அதுவே அன்றோ?

ரயில்வே குமாஸ்தாவாகிய அடியேன் ஒன்று சொல்வேன். நமக்கும் நம் பெற்றோருக்கும் இடையே இருப்பது ஒரு பயணச்சீட்டு மட்டுமே. அவர்களுக்கோ கடலும் கடவுச்சீட்டும் குறுக்கே நின்றன. ஊரிலே பெற்றோரை உடையவர்கள் வரும் விடுமுறையில் சென்று கண்டு வாருங்கள்.