குடிநோயும் நம் தப்பெண்ணங்களும்

(கமுந்திங்கில் நடந்த கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணியும் சங்க ஊழியருமான தோழர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

சம்பளத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் எனக்குத் தயக்கமில்லை. கணக்குப் புத்தகம் என் கையில் இருக்கிறது. இன்று குடியைப் பற்றியும் போதையைப் பற்றியும் பேசும்படி தலைவர் பணித்திருக்கிறார். இந்த விஷயத்தில் என் கணக்கு ஒரு முறை தப்பிப் போயிருக்கிறது. ஓர் உயிர் போயிருக்க வேண்டியது. அந்தத் தப்பை முதலில் உங்கள் முன் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த தோட்டத்தில் பால்வெட்டுத் தோழர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றே அழைப்பேன். கெட்டிக்கார வெட்டுக்காரர். ஆனால் விடியற்காலையில் பெரட்டுக்கு வருமுன் அவருக்கு அரை கிளாஸ் சம்சு வேண்டும். குடிக்காத அன்று கை நடுங்கும்; உளி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் விழும். குடித்த அன்று கை நேராக நிற்கும். "பார்த்தீர்களா கிராணியாரே, மருந்து உள்ளே போனால்தான் கைக்குப் பலம்" என்று சிரிப்பார். நானும் அதை உண்மை என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

மரக்காயம் கூடியது. தைப்பிங் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். வெட்டு இல்லாத மழை நாட்களில் குடியும் கூடியது. நிர்வாகத்தின் எச்சரிக்கைக் கடிதத்தை நானேதான் டைப் அடித்தேன். மனம் கேட்கவில்லை. மாரியம்மன் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. அவரிடம் போய், "அண்ணே, ஆம்பிளைக்கு மனவுறுதி இருந்தால் போதும். அம்மன் முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யுங்கள். இன்றோடு ஒரு சொட்டும் கூடாது" என்றேன். அவரும் செய்தார். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

முதல் நாள் வேர்வையும் நடுக்கமும். இரண்டாம் நாள் இரவு வலிப்பு. மூன்றாம் நாள் சுவரில் பாம்பு ஊர்கிறது என்று அலறினார். பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியவில்லை. காத்து கருப்பு அடித்துவிட்டது என்றார்கள். பூசாரி வந்தார், விபூதி போட்டார். நானும் பக்கத்தில் நின்றேன். அவர் மனைவிதான், "கிராணி ஐயா, இது பேய் இல்லை. உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது. லோரியைக் கூப்பிடுங்கள்" என்றார். எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான். ஆனால் உண்மையைக் கண்டவர் அந்த அம்மாள்.

ஆஸ்பத்திரியில் வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "இவரை ஒரேயடியாக நிறுத்தச் சொன்னது யார்?" என்பது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். "இன்னும் தாமதித்திருந்தால் உயிர் போயிருக்கும்" என்றார்.

தோழர்களே, அன்று முதல் நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

குடியால் கைக்குப் பலம் வருகிறது என்பது முதல் தப்பெண்ணம். மது மூளையின் வேகத்தை அடக்கும் பொருள். தினமும் குடிப்பவனின் மூளை, அந்த அடக்குதலை மீறி வேலை செய்வதற்காகத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. பிரேக்கை அழுத்திக்கொண்டே எண்ணெயையும் மிதித்து லோரி ஓட்டுவது போன்ற நிலை அது. இரவெல்லாம் குடியில்லாமல் விடியும்போது பிரேக் தளர்கிறது, கை நடுங்குகிறது. மறுபடி குடித்தால் நடுக்கம் அடங்குகிறது. ஆகவே அந்த அரை கிளாஸ் நம் அண்ணனுக்குப் பலம் தரவில்லை. முதல் நாள் குடி உண்டாக்கிய நடுக்கத்தை மறு நாள் குடி மூடி மறைத்தது, அவ்வளவுதான். காலையில் குடித்தால்தான் கை நிற்கிறது என்று ஒருவர் சொன்னால், அதை நோயின் அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மனவுறுதி இருந்தால் ஒரே நாளில் நிறுத்திவிடலாம் என்பது இரண்டாவது. இதுதான் என் தப்பு. பல ஆண்டுகள் தினமும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் அந்தப் பிரேக் முற்றிலும் அறுந்துபோகிறது. சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் சித்தம் கலங்கி, இல்லாத உருவங்கள் தெரியும், காய்ச்சல் ஏறும், இதயம் படபடக்கும். வைத்தியம் இல்லாவிட்டால் சாவும் நேரலாம். எல்லாருக்கும் இப்படி வருவதில்லை. யாருக்கு வரும் என்று லயத்தில் உட்கார்ந்து நாம் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் நடுக்கத்தை அடக்கும் மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் அதைக் குறைப்பார்கள். குடியால் உடம்பில் வற்றிப்போன பி-1 விட்டமினையும் ஏற்றுவார்கள். சத்தியம் செய்ய வேண்டுமானால் செய்யுங்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆனால் குடியை நிறுத்துமுன் வைத்தியரைப் பாருங்கள். வலிப்போ சித்தக் கலக்கமோ கண்டால் 999-க்குக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது, தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியது. புருஷனுக்குத் தெரியாமல் சோற்றிலும் கறியிலும் கலந்து கொடுத்தால் குடியை மறக்கச் செய்யும் பொடி என்று சிலர் விற்கிறார்கள். டைசல்ஃபிராம் என்ற மாத்திரையை இப்படி இரகசியமாகக் கலப்பதும் உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும், இரத்த அழுத்தம் இறங்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு, வைத்தியர் பார்வையில் கொடுக்க வேண்டிய மருந்து அது. குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன் போன்ற வேறு மருந்துகளும் இன்று உள்ளன. தாய்மார்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் பெயர் தெரியாத பொடியை நம்பித் தாலியைப் பணயம் வைக்காதீர்கள்.

பீர் குடிப்பது குடியாகாது என்பது நான்காவது. நான் கணக்குப் பிள்ளை, கணக்காகவே சொல்கிறேன். 640 மில்லி பெரிய பீர் போத்தலில் மதுச்சத்து 5 சதவிகிதம் என்றால் 32 மில்லி. 40 சதவிகித விஸ்கியில் 80 மில்லியும் அதே 32 மில்லிதான். போத்தலின் நிறம் மாறினாலும் ஈரல் ஏமாறாது.

ஐந்தாவது, ஒரு முறை மீண்டும் குடித்துவிட்டால் வைத்தியம் தோற்றுப்போயிற்று என்பது. நம் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்கு மாதம் ஒழுங்காக இருந்தார். பிறகு ஒரு கல்யாண வீட்டில் கிளாஸை நீட்டினார்கள், விழுந்துவிட்டார். "பார்த்தாயா, ஆஸ்பத்திரியும் பலிக்கவில்லை" என்று லயமே பேசியது. இனிப்பு நீர்க்காரருக்குச் சர்க்கரை மீண்டும் ஏறினால் வைத்தியம் தோற்றது என்றா சொல்கிறோம்? மருந்தையும் சாப்பாட்டையும் திருத்திக்கொள்ளச் சொல்கிறோம். பால்மரத்தில் வெட்டிய பட்டை மறு நாளே வளர்ந்துவிடுகிறதா? புதுப்பட்டை முதிர ஆண்டுகள் செல்லும்; அவசரப்பட்டு உளி வைத்தால் மரம் கெடும். குடியால் மாறிப்போன மூளையும் நாள் எடுத்துத்தான் சீராகும். அவர் மனைவி அவரைத் திரும்ப அழைத்துப் போனார். இடையில் இன்னொரு தடவையும் விழுந்து எழுந்தார். இப்போது ஆறு ஆண்டுகளாக ஒரு சொட்டும் இல்லை.

ஆறாவது, சிகிச்சை என்றால் தஞ்சோங் ரம்புத்தான், அங்கே போனால் பைத்தியக்காரப் பட்டம் என்ற பயம். 1911-ல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டியே பழகிவிட்டோம். மனநோய்க்கு வைத்தியம் பார்ப்பதில் அவமானம் ஒன்றுமில்லை என்பது ஒரு புறம் இருக்கட்டும். குடிநோய்க்கு முதலில் அங்கேதான் போக வேண்டும் என்பதும் இல்லை. அருகிலுள்ள சர்க்கார் கிளினிக்கில் தொடங்கலாம். குடிமக்களுக்கு அங்கே வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளி. ஒரு பீர் போத்தலின் விலையை நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நம் வாலிபர்களைப் பிடித்திருக்கும் போதைப்பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹெராயின் நோயாளிக்கு மெத்தடோன் கொடுப்பது ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்று பலர் பழிக்கிறார்கள். மெத்தடோன் மெதுவாக, நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து. அளவாகக் கொடுத்தால் மயக்கம் தராமல், ஹெராயினுக்கு ஏங்கும் வேதனையை அடக்கும். ஆள் வேலைக்குப் போகலாம், ஊசியால் பரவும் நோயும் குறையும். நம் நாட்டில் 2005-ல் இது தொடங்கியது; இன்று பல சர்க்கார் கிளினிக்குகளில் கிடைக்கிறது. சியாபுவுக்கு இப்படிப்பட்ட மாற்று மருந்து இல்லை. ஆலோசனையும் பழக்கத்தைத் திருத்தும் பயிற்சியுமே அதற்கு வழி. போதைக்கு அடிமையானவரைப் பிடித்து அடைப்பது ஒன்றே சர்க்காரின் வழி என்று இன்னும் நினைப்பவர்கள் உண்டு. விரும்பி வருபவர்களுக்கும் சிகிச்சை தரும் நிலையங்களைத் தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனம் 2010 முதல் திறந்திருக்கிறது.

கடைசியாக, நம்மை இழிவுபடுத்தும் ஒரு தப்பெண்ணம். குடி தோட்டத்துத் தமிழனின் பிறவிக் குணம் என்பார்கள். சென்னையில் டி. டி. ரங்கநாதன் என்பவர் பெரிய தொழிலதிபர் குடும்பத்தில் பிறந்தவர். பணத்துக்கோ படிப்புக்கோ குறைவில்லை. குடிநோயால் இளம் வயதிலேயே மாண்டார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-ல் கணவர் பெயரால் ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். நோயாளியோடு குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பயிற்சி கொடுப்பது அங்கே வழக்கம். மாளிகைக்குள் நுழைந்த நோய்தான் லயத்துக்குள்ளும் நுழைகிறது. மாளிகைக்காரருக்கு அது நோய், கூலிக்காரனுக்கு மட்டும் குணமா?

நம் முன்னோர் இந்த இழிசொல்லை ஏற்றவர்கள் அல்லர். கள்ளுக்கடையைத் தோட்ட நிர்வாகமே வைத்து நடத்திய காலம் அது. 1941-ல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் போன்றோர் வழிகாட்ட வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள், சம்பள உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். 1947-ல் கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தது. அந்தத் தியாகத்தை நாம் மறக்கலாகாது. தோட்டத்துக் கள்ளுக்கடைகள் பெரும்பாலும் மறைந்தன. ஆனால் கடையை எதிர்த்த நாம், கடையால் நோயாளியானவரைக் கவனித்தோமா? திட்டினோம், சத்தியம் வாங்கினோம், நான் எச்சரிக்கைக் கடிதம் அடித்தேன்.

ஆகவே இந்தக் கிளையின் முன் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். குடிநோய்க்காரர் மீது நிர்வாகம் நடவடிக்கை எடுத்தால், வேலையிலிருந்து நீக்குமுன் சிகிச்சைக்கு வாய்ப்புக் கொடுக்கும்படி சங்கம் வாதாட வேண்டும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறும் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கிராணித் தோழர்கள் அதைத் தாங்களாகவே எடுத்துச் சொல்ல வேண்டும். இது இரண்டாவது. மூன்றாவது, ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போக ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு பேரை இன்றே நியமிக்க வேண்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

நம் அண்ணன் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். எங்கே என்று காட்ட மாட்டேன். இன்று காலையும் அவர் பெரட்டுக்கு வந்தார். மரக்காயக் கணக்கில் அவர் பெயருக்கு நேரே ஒன்றும் எழுத வேண்டியிருக்கவில்லை. செக்ரோலில் நான் மகிழ்ச்சியோடு எழுதும் பெயர்களில் அவர் பெயரும் ஒன்று.