இருமலும் மருந்தும்: எதற்கு எது, எப்போது மருத்துவமனை?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நம் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

     

மக்ரிபுக்குப் பின் பள்ளி வாயிலில் தண்ணீர்ப் பாட்டிலோடு காத்திருப்போரைத் தாங்கள் அறிவீர்கள். ஓதி ஊதித் தரும்படி கேட்பார்கள். என்ன நோய் என்று வினவினால், அவர்களில் பலர் கூறும் விடை ‘இருமல்’ என்பதே. நாம் ஓதுகிறோம், துஆச் செய்கிறோம். ஆனால் நோய்க்கு மருந்து தேடுவதும் நபிவழியே என்பதை மறந்துவிடலாகாது. ஆகவேதான் இவ்வாண்டு இருமலைப் பற்றிப் பேச முன்வந்தோம். நாம் மருத்துவர் அல்லர். மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களில் பயின்றும் அறிந்தவற்றையே இங்கு எடுத்துரைக்கிறோம்.

இருமல் ஒரு நோயன்று

இருமல் என்பது நோயன்று. நோயை அறிவிக்கும் தூதுவன். மூச்சுக்குழாயில் தூசியோ சளியோ கிருமியோ சேரும்போது அதனை வெளியேற்ற உடல் செய்யும் முயற்சியே அது. தூதுவனின் வாயை அடைத்துவிட்டால் செய்தி நின்றுவிடுமேயன்றி, செய்திக்குக் காரணமான தீங்கு நின்றுவிடாது. எனவே ‘இருமலுக்கு என்ன மருந்து?’ என்று கேட்பதற்கு முன், ‘இது எவ்வகை இருமல்? எத்தனை நாளாக?’ என்று கேட்பதே அறிவுடைமை.

வடசென்னையில் வாழும் நமக்கு இக்கேள்வி மிகவும் தேவை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளப்பட்ட காலத்தில் இராயபுரம் பகுதி மக்கள் கரித்தூளால் பட்ட துன்பத்தை நம் பெரியோர் அறிவர். உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2011-ஆம் ஆண்டில் அது நின்று, நிலக்கரி எண்ணூருக்குப் பெயர்ந்தது. எண்ணூரில் 2023 டிசம்பர் 26-ஆம் நாள் இரவு உரத் தொழிற்சாலையின் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு வெளியேறினர். தூசியும் புகையும் சூழ்ந்த வட்டாரத்தில் ‘இது தூசியால் வந்த இருமல்தானே’ என்று எண்ணிக் காலம் கடத்துவது எளிது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

ஹோமியோபதி கூறுவது

நம் ஜமாஅத்தில் ஹோமியோபதி மருந்தை நாடுவோர் கணிசமானோர். விலை குறைவு, இனிப்பு உருண்டை என்பதால் குழந்தைகளும் மறுப்பதில்லை. ஜெர்மனி நாட்டு மருத்துவர் ஹானிமன் 1796-இல் வகுத்த முறை இது. நம் நாட்டில் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்டது. மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் இதற்கென அரசுக் கல்லூரியே உள்ளது.

இம்முறை இருமலை மிக நுட்பமாக வகை பிரிக்கிறது. வறண்ட இருமல், அசைந்தால் மிகுதல், இருமும்போது நெஞ்சைக் கையால் பிடித்துக்கொள்ளுதல் என்றால் பிரையோனியா என்பர். நள்ளிரவுக்குப் பின் விடாது அடுக்கடுக்காக வரும் இருமலுக்கு ட்ரோசெரா. மரம் அறுப்பது போன்ற ஓசையுடைய இருமலுக்கு ஸ்பாஞ்சியா. நெஞ்சில் சளி கடகடவென ஒலித்தும் வெளிவராவிடில் ஆன்டிமோனியம் டார்ட். இருமலோடு குமட்டலும் வாந்தியும் சேர்ந்தால் இபிகாக்.

இவ்வாறு நோயாளியை அமர்த்தி, பொறுமையாகக் கேட்டு, வேறுபாடு அறியும் பண்பு போற்றத்தக்கது. ஆயினும் மறைக்காது கூற வேண்டிய ஒன்று உண்டு. ‘30’ என எண்ணிட்ட மருந்து, ஒரு பங்கு நூறு பங்காகக் கரைக்கப்படும் செயல் முப்பது முறை நிகழ்த்தப்பட்டது. பன்னிரண்டாம் முறையைக் கடந்தாலே மூலப்பொருளின் ஓர் அணுத்திரள்கூட எஞ்சியிருப்பது அரிது என்பது வேதியியல் கணக்கு. ஆஸ்திரேலிய நாட்டின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பயனளிப்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்று அறிவித்தது. சளிக்காய்ச்சலில் வரும் இருமல் இரண்டு மூன்று வாரங்களில் தானாகவே அடங்கும் இயல்புடையது. அந்நாட்களில் உருண்டை உண்டவர் உருண்டையால் குணமானதாக எண்ணுவார்; கஷாயம் குடித்தவர் கஷாயத்தைப் புகழ்வார்.

சாதாரண இருமலில் இதனால் பெருங்கேடு இல்லை. ஆனால் ட்ரோசெரா கொடுக்கப்படும் அந்த அடுக்கிருமல் கக்குவானாக இருந்தால், அது கைக்குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடியது. அதற்கு வேண்டியது உரிய ஆன்டிபயாடிக் மருந்து. அதைவிட மேலானது, 6, 10, 14-ஆம் வாரங்களில் அரசு இலவசமாகப் போடும் தடுப்பூசி. தாய்மார்கள் இதனைத் தவறவிட வேண்டாம்.

ஆங்கில மருந்தும் அதன் எல்லையும்

ஆங்கில மருத்துவம் இருமலுக்குரிய காரணத்தைத் தேடுகிறது. இரவில் மிகுந்து, மூச்சில் விசில் போன்ற ஒலியும் சேர்ந்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம். அதற்கு உறிஞ்சும் மருந்தே சிறந்தது. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சம் தேவையற்றது. இரத்தக் கொதிப்புக்காக எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரை உண்போரில் சிலருக்கு அம்மாத்திரையாலேயே வறட்டிருமல் வரும். மருத்துவரிடம் கூறினால் மாற்றித் தருவார். படுத்தால் இருமலும் மூச்சுத்திணறலும் மிகுந்தால் இதயம் பலவீனமடைந்ததன் அறிகுறியாகவும் இருக்கலாம். பீடி, சிகரெட் புகைப்போரின் காலை இருமலுக்கு, அதனை விடுவதைவிடச் சிறந்த மருந்து இல்லை. சளிக்காய்ச்சல் வைரஸ் கிருமியால் வருவதால் அதற்கு ஆன்டிபயாடிக் பயன் தராது.

நம் அடுப்படி மருந்துகளையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டே, சளியை இளக்கும் ப்ரோம்ஹெக்சின் என்ற ஆங்கில மருந்து உருவாக்கப்பட்டது. வெதுவெதுப்பான நீரும் தேனும் தொண்டைக்கு இதமளிக்கும். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி அக்குழந்தைக்கு நஞ்சாகும்.

இனி, மருந்துக் கடையில் சீட்டின்றி வாங்கும் இருமல் சிரப்பைப் பற்றிக் கூறியாக வேண்டும். 2025-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் ‘கோல்ட்ரிஃப்’ என்ற சிரப்பை அருந்திய பச்சிளம் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது நம் தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. நம் மாநில அரசின் ஆய்வில், அதில் டைஎதிலீன் கிளைக்கால் எனும் நச்சுப்பொருள் 48.6 விழுக்காடு கலந்திருந்தது தெரியவந்தது. அனுமதிக்கப்படும் அளவு 0.1 விழுக்காட்டுக்கு மேற்படாது. தொழிற்சாலையின் உரிமம் இரத்தாயிற்று. இதே நச்சு 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2022-இல் காம்பியா நாட்டுக் குழந்தைகளையும் பலிகொண்டது.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவே கூடாது என்றும், ஐந்து வயது வரை பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்றும் மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. தாய்மார்களே! பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எழுதிய சிரப்பை நம் குழந்தைக்கு ஊற்றுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். குழந்தையின் மூச்சை எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்திற்கு 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்ற அளவை எட்டினாலோ, மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

சாராயம் கலந்த மருந்தைப் பற்றியும் நம்மிடம் கேட்கப்படுகிறது. ஹோமியோபதித் துளிமருந்துகளிலும் சில சிரப்புகளிலும் அது உண்டு. மாற்று மருந்து இருக்கையில் அதனை நாடுவதே பேணுதல். மாற்று இல்லையென நம்பகமான மருத்துவர் கூறினால், நிர்ப்பந்த நிலைக்குரிய சலுகை உண்டு. ஆனால் கோடீன் கலந்த சிரப்பைப் போதைக்காக அருந்துவது மருந்தன்று, மதுவே. இளைஞர்கள் இதனைச் செவியில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டு வாரம் என்னும் எல்லைக்கோடு

இவ்வளவையும் மறந்தாலும் ஒன்றை மறவாதீர்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல் காசநோயாக இருக்கலாம். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிதல், சளியில் இரத்தம் ஆகியவை சேர்ந்தால் ஐயம் வலுக்கிறது. அந்நிலையில் உருண்டையும் சிரப்பும் கஷாயமும் நாட்களைத் தின்னுமேயன்றி நோயைத் தின்னா. ஓதிய தண்ணீரைக் கேட்டு வருவோருக்கும் நாம் கூறுவது இதுவே: முதலில் சளியைப் பரிசோதியுங்கள், ஓதுவதை நாம் ஒருபோதும் மறுக்க மாட்டோம்.

தொலைவு என்று சாக்குச் சொல்லவும் இடமில்லை. ஓட்டேரியில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை நமக்கு அண்மையில் உள்ளது. ஸ்டான்லி மருத்துவமனையும் இருக்கிறது. பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கிவந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். ரிஃபாம்பிசின் மாத்திரையால் சிறுநீர் செந்நிறமாகும். அதற்கு அஞ்ச வேண்டாம். உடல் தேறிவிட்டதென இரண்டாம் மாதமே நிறுத்துவோர், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியைத் தம் வீட்டிலேயே வளர்ப்பவராவர்.

நம் சென்னை மாநகரம் இந்நோய் விஷயத்தில் உலகுக்கே வழிகாட்டியது என்பதைப் பலர் அறியார். முன்னாளில் காசநோயாளியை வீட்டை விட்டுப் பிரித்து சானடோரியத்தில் சேர்ப்பதே முறை. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. ஏழ்மையும் நெரிசலும் மிக்க வீடுகளைச் சேர்ந்த 193 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும், மற்றவர்க்கு வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தனர். சானடோரியத்தில் இருந்தோருக்கு நல்லுணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டிலிருந்தோருக்கு அவை இல்லை. எனினும் இரு சாராரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே குணமடைந்தனர். வீட்டில் வைத்திருந்ததால் குடும்பத்தாருக்குத் தொற்று மிகுதியாகப் பரவவுமில்லை. 1959-இல் வெளியான இம்முடிவு, வீட்டிலிருந்தபடியே சிகிச்சை என்ற முறைக்கு உலகெங்கும் வழி திறந்தது.

இதன் படிப்பினை யாது? நோயாளியைப் பிரித்து ஒதுக்க வேண்டியதில்லை. மருந்தைத் தவறாது கொடுக்க வேண்டும். ஆனால் நம்மிடையே என்ன நிகழ்கிறது? ‘பெண்ணுக்குக் காசநோய் எனத் தெரிந்தால் நிக்காஹ் நின்றுவிடும்’ என்று அஞ்சி மறைக்கிறோம். மறைத்த வீட்டில் நோய் தம்பிக்கும் தங்கைக்கும் பரவுகிறது. முறையாக மருந்துண்டு குணமானவர் மற்றவரைப் போன்றவரே. அவர் மணமுடிக்கலாம், குடும்பம் நடத்தலாம். அதனைக் குறையாகக் கூறிச் சம்பந்தத்தை முறிப்போர் அறியாமையால் அநீதி இழைக்கிறார்கள். சிகிச்சையின் தொடக்க வாரங்களில் நோயாளி முகக்கவசம் அணிவதும், கூட்டமான ஜமாஅத்தைத் தவிர்த்து வீட்டில் தொழுவதும் பிறருக்குச் செய்யும் நன்மையே. ரமளானில் நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை மருத்துவரின் ஆலோசனைப்படி பயன்படுத்திக்கொள்வதில் குற்றமில்லை.

நிர்வாகத்தாருக்கு இரு வேண்டுகோள்கள். ஒன்று, ஆண்டுக்கு ஒருமுறையேனும் அரசு சுகாதார நிலையத்தாரை அழைத்து நம் மதரஸாக் கூடத்தில் சளிப் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும். மற்றொன்று, சிகிச்சை பெறும் ஏழைக் குடும்பங்களுக்கு ஆறு மாதமும் முட்டையும் பருப்பும் கிடைக்க, பைத்துல்மாலிலிருந்து ஒரு பகுதியை, பெயர் வெளியே தெரியாதவாறு ஒதுக்க வேண்டும்.

ஜமாஅத்தார்களே! தங்கள் வீட்டில் இரண்டு வாரமாக இருமும் ஒருவர் இருப்பாராயின், திங்கட்கிழமை காலை அவரைத் தாங்களே உடனழைத்துச் செல்லுங்கள். எல்லாம் வல்ல இறைவன் நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.